தொட்டுவிட்டு வந்தவர்கள்

பொன்னுத்தங்கத்தின் நாமினியாக இருளம்மாளின் புருஷன் இருந்தார்.

ஆஷ்லின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். அப்போதும் அவர்தான் இருந்தார். இருளம்மாளுக்கு நாமினி, அடுத்த வரியில் இருந்த ராம்குமாரின் தாயார். ராம்குமாருக்கு யாரோ ஒரு பெரியவருடைய மனைவி. நாமினிப் பெயர்கள் மொத்தமும் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்திருந்தன. கடைசி வரியில் இருந்தவருக்கு யாருமே இல்லை.

நேற்று மாலை கிளம்புமுன் இதே பட்டியலை அவள் மூன்று முறை சரிபார்த்திருந்தாள். மூன்று முறையும் சரி என்று குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்திருந்தாள். ஆகவே தவறு பட்டியலில் இருக்க முடியாது, தன் மூளையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். எந்தத் தவறையும் அவள் முதலில் தேடுவது அங்கேதான்.

“ஆஷ்லின், எம்புட்டு முடிஞ்சிருக்கு?” உள் அறையிலிருந்து மேனேஜர் மகேஷ்குமார் கேட்டார்.

“எழுபது பேர் முடிஞ்சது சார்.”

“நேத்தும் எழுபதுதான சொன்ன?”

“நேத்து எழுபது சார். இன்னைக்கு மறுபடியும் எழுபது.”

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மேனேஜர் வாசல்வரை வந்து நின்றார்.

“இங்க பாரு. வெள்ளிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணி. அதோட அந்த வெப்சைட்டை மூடிருவான். விட்டோம்னா இன்ஸ்பெக்சன் தீபாவளிக்கு அப்புறந்தான். சீசன் போச்சு. நூத்தி இருபத்தாறு குடும்பம் எட்டு மாசமா உக்காந்திருக்கு. உன்னோட மூணு மாச டிரயலும் வெள்ளிக்கிழமையோட முடியுது. ரெண்டையும் சேத்து யோசி.”

ஆஷ்லின் இரண்டையும் சேர்த்துத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். இதற்கு முன் இரண்டு வேலைகளிலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே காரணம். ‘நல்ல பிள்ளைதான், ஆனால் சரிபார்த்துச் சரிபார்த்தே பொழுதைப் போக்குகிறாள்.’ மூன்றாவதாக ஒருவர் அதைச் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று அவள் பயந்தாள்.

அந்தப் பட்டாசுக் கம்பெனி ஏழாயிரம்பண்ணையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் பதினோராம் நம்பர் ஷெட் வெடித்து ஒரு பெண் இறந்துபோனாள். அன்றிலிருந்து கம்பெனிக்குச் சீல். மறுபடியும் திறக்க வேண்டுமானால் தொழிலாளர் பட்டியலும் மூன்று பக்க அறிக்கையும் இணையத்தில் போக வேண்டும். அறிக்கையை ஆஷ்லின் சேர்ந்த வாரமே தட்டச்சு செய்து முடித்துவிட்டாள். மேனேஜர் கையால் எழுதிக் கொடுத்ததில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தியும் வைத்தாள். மீதம் பட்டியல்தான். தொழிலாளர்கள் ஒவ்வொருவராக ஆபீசுக்கு வந்து, ஆதார் அட்டையைக் காட்டி, நாமினி பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். எளிய வேலை. அவளுடைய மேசையில் அந்தப் பொருள் வரும்வரை எளிதாகத்தான் இருந்தது.

விருதுநகரில் மாலை வகுப்பில் கணக்கு மென்பொருள் படித்துக்கொண்டிருந்ததால், பகல் முழுக்க ஆபீசிலும் ஆறிலிருந்து எட்டு மணிவரை வகுப்பிலும் அவள் கை மவுசிலேயே இருந்தது. வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவளுடைய அம்மா ஜெபராணி நர்ஸ். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதே மாதிரி இன்னும் ஆறு மாசம் போச்சுன்னா சோறு பிசைய ஆள் வைக்கணும்” என்று சொன்னார்.

ஆஷ்லின் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரித்தாள். இடப்பக்கம் மவுஸ், வலப்பக்கம் டிராக்பேட். எது நல்லது என்று பதினோரு நாள் எழுதினாள். டிராக்பேடுக்கு ஆதரவாகப் பதினேழு காரணங்கள் சேர்ந்தன. எதிராக ஒன்றே ஒன்று: ‘எனக்குத் தெரிந்த யாரும் கம்ப்யூட்டருக்கு இதை வைத்திருக்கவில்லை.’ பதினேழுக்கு ஒன்று என்பதால் வாங்கிவிட்டாள். வயர் வைத்தது விலை குறைவு, சார்ஜும் போட வேண்டாம் என்று அதையே எடுத்தாள்.

முதல் நாள் மேனேஜர் அதைக் குனிந்து பார்த்தார்.

“என்னம்மா இது, சிலேட்டா?”

“டிராக்பேட் சார். மவுசுக்குப் பதிலா. விரலை வச்சு நகத்துனா போதும்.”

“லேப்டாப்புல இருக்குமே, அதுவா? யார் லேப்டாப்பை உடைச்சு எடுத்துட்டு வந்த?”

“தனியாவே விக்கிறாங்க சார்.”

“விப்பான். வாங்க ஆள் இருந்தா எதையும் விப்பான்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

கையகலத்துக்கு வெள்ளி நிறத்தில் ஒரு தகடு. அதிலிருந்து சாம்பல் நிற வயர் ஒன்று மேசை விளிம்பில் இறங்கி, தரையில் இருந்த கணினிப் பெட்டிக்குப் போனது. பிளக் பாயிண்ட் வாசல் பக்கம் இருந்ததால் மேசையும் வாசலை ஒட்டியே இருந்தது. உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தத் தகட்டைத்தான். இந்த விவரத்தை மட்டும் அவள் குறிப்பேட்டின் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

பெயர்கள் ஏன் நகர்கின்றன என்பது செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெரிந்தது. அவள் குனிந்து கீழ் இழுப்பறையில் ஸ்டேப்ளர் தேடிக்கொண்டிருந்தாள். இருளம்மாள் உள்ளே வந்தாள். செருப்பை வாசலிலேயே விட்டாள். மேசை அருகே நின்று, வலது உள்ளங்கையை டிராக்பேடின் மேல் முழுதாகப் பதித்து, ஒன்று இரண்டு மூன்று என்று உதடு அசைய எண்ணி, கையை எடுத்தாள். ஆஷ்லின் நிமிர்ந்து பார்த்தபோது திரையில் ஒரு மெனு விரிந்து, ஒரு கட்டம் அழிந்து, கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒரு படி மேலே ஏறிக்கொண்டிருந்தன.

“இருளம்மாக்கா, இப்ப என்ன செஞ்சீங்க?”

“தொட்டேன்.”

“எதுக்கு?”

“தொடாம எப்பிடித் தாயி உள்ள வர?” இருளம்மாள் கேட்ட தோரணையில், பைத்தியம் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை என்று தெரிந்தது.

பின்னால் நின்ற பொன்னுத்தங்கம் விளக்கினாள். பேக்கிங் பிரிவில் இருபது வருஷம் இருந்தவள். எதையும் விளக்குவதில் அவளுக்கு விருப்பம் உண்டு. “போன மாசம் மதுரையிலயிருந்து ஒரு வாத்தியாரு வந்து மூணு நாளு வகுப்பு எடுத்தாருல்லா. நம்ம உடம்புல கரண்டு இருக்காம். சேலை ஒரசுனா ஏறுமாம். வாசல்ல இருக்க தகடைத் தொட்டா அது வயரு வழியாத் தரைக்குள்ள போயிருமாம். தொடாமப் போனா வெடிமருந்துல பத்திக்கிடும். தொடாதவுக பேரை அன்னைக்கே அடிச்சிருவோம்னு மேனேஜரும் சொன்னாக.”

“அது ஷெட்டு வாசல்ல இருக்கிற செம்புத் தகடுக்கா. இது கம்ப்யூட்டர் சாமான்.”

பொன்னுத்தங்கம் தகட்டைப் பார்த்தாள். வயரைப் பார்த்தாள். வயர் தரைக்கு இறங்குவதையும் பார்த்தாள்.

“இது வெள்ளிக் கலரா இருக்கு. ஆபீசுன்னா ஒசத்தியாத்தான வைப்பாக” என்றாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஆஷ்லின் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். தான் தட்டச்சு செய்ததுதான். ஆனால் எழுத்துப் பிழைகளை மட்டும் பார்த்திருந்தாளே தவிர, படிக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. ‘விபத்துக்கான காரணம்: தொழிலாளி வெள்ளைத்தாய், வயது நாற்பத்து நான்கு, பதினோராம் எண் ஷெட்டின் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொடாமல் உள்ளே நுழைந்தது.’

ஒரு தடவை தொடாமல் போனதற்காக ஒரு பெண் செத்திருக்கிறாள். அதை நினைத்துத்தான் இவர்கள் கண்ணில் படுகிற தகட்டையெல்லாம் தொடுகிறார்கள். காலையில் தனக்கு வந்த கோபத்தை நினைத்து ஆஷ்லினுக்கு வெட்கமாக இருந்தது. யாரையும் கடிந்து பேசக் கூடாது, வேறு வழிதான் பார்க்க வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதினாள்.

முதல் வழி, ஒரு அட்டை. ‘இதைத் தொடாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் எழுதி டிராக்பேடுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தாள். படிக்கத் தெரியாதவர்கள் தகட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, “இதுல என்ன தாயி எழுதியிருக்கு?” என்று கேட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். ஒரு மணி நேரமாக யாருமே வரவில்லை.

மேனேஜர் வெளியே போய் விசாரித்துவிட்டு வந்தார்.

“உன் மேசையில கரண்டு அடிக்குதாம். வேப்பமரத்துக்கு அடியில நாப்பது பேரு உக்காந்திருக்காக. என்ன எழுதி வச்ச?”

ஆஷ்லின் அட்டையைக் கிழித்துப் போட்டாள்.

இரண்டாவது வழி, ஒரு கைக்குட்டை. ஆள் வரும்போது டிராக்பேடை மூடிவிடுவது, போனபின் எடுப்பது. ஓரத்தில் பூ வேலை செய்த வெள்ளைக் கைக்குட்டை அது. அவ்வளவு நல்ல துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிற பொருளின் மேல் வந்தவர்களுக்கு மரியாதை கூடிவிட்டது. ஓரத்தைப் பிடித்து மெல்ல விலக்கி, தொட்டு, அதே மடிப்பில் மறுபடியும் மூடினார்கள். சிலர் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். சர்ச்சில் காணிக்கைத் தட்டுக்குக்கூட இவ்வளவு பயபக்தியை ஆஷ்லின் பார்த்ததில்லை. திரையில் எல்லாப் பெயர்களும் இப்போது இரண்டு படி மேலே இருந்தன.

பெயர்களை மறுபடியும் சரிசெய்துவிட்டு, மூன்றாவது வழிக்கு மேசையையே திருப்பினாள். டிராக்பேட் சுவர்ப் பக்கம் போனது. வந்தவர்கள் மேசையைச் சுற்றிக்கொண்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தொட்டார்கள். வரிசையும் அப்படியே பின்னால் வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்களுக்குத் திரை நன்றாகத் தெரிந்தது.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பொன்னுத்தங்கம்தான் முதலில் பார்த்தாள்.

“தாயி, எம் பேருக்கு நேரா வேலுச்சாமின்னு இருக்கே, அது யாரு?”

“எம் புருசன்” என்றாள் பின்னால் நின்ற இருளம்மாள். ஒரு கணம் யோசித்தாள். “ஏளா, எம் புருசன் உனக்கு எதுக்கு?”

“நான் என்னத்தக் கண்டேன்? கம்ப்யூட்டர்ல இருக்கு.”

“கம்ப்யூட்டர்ல இருக்குன்னா வச்சிக்கிடுவியோ?”

“எனக்கு எதுக்குடி அந்த மனுசன்? ஒருத்தனுக்கு வடிச்சுக் கொட்டியே இடுப்பு விட்டுப்போச்சு. உனக்கே எளுதித் தாரேன், வாங்கிக்க.”

“எளுதித் தர அவரு என்ன உங்கப்பன் தோட்டமா?”

வரிசை சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு மரத்தடியிலிருந்து மற்றவர்களும் வந்தார்கள். வந்தவர்கள் தொட்டுவிட்டு வந்தார்கள். ஐந்தே நிமிடத்தில் கம்பெனியில் உள்ள எல்லாருக்கும் புதுப் புது உறவுகள் ஏற்பட்டன. ராம்குமார் தனக்கு நாமினியாக வந்திருக்கும் மூதாட்டி யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்து வரிசையைக் கலைத்தார்.

புதன்கிழமை ஆஷ்லின் மேனேஜரிடம் ஒரு யோசனை சொன்னாள். நிஜமான செம்புத் தகடு ஒன்றை ஆபீஸ் வாசலிலேயே அடித்துவிட்டால், அதைத் தொட்டுவிட்டு வருவார்கள். மேசையில் இருப்பதை விட்டுவிடுவார்கள்.

“அது ஒன்னு மிச்சமிருக்கு, எடுத்துக்க. ஷெட்டுக்கெல்லாம் நாப்பது தகடு புதுசா அடிச்சாச்சு. பளபளன்னு இருக்கு பாத்தியா? இன்ஸ்பெக்டர் பாத்தா அசந்துருவான்” என்று மேனேஜர் பெருமையாகச் சொன்னார்.

தகடு வாசலில் ஏறியது. தொழிலாளர்கள் அதைத் தொட்டார்கள். பிறகு உள்ளே வந்து மேசையில் இருந்ததையும் தொட்டார்கள்.

“அதான் வெளியில தொட்டுட்டீங்களே பொன்னுத்தங்கக்கா.”

“அது வாசலுக்கு. இது மேசைக்கு. எடத்துக்கு ஒன்னு தொடணும்னு வாத்தியாரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. எனக்கு நாமினி மாறுச்சா தாயி, இல்ல இன்னும் அந்த ஆளுதானா?”

வியாழக்கிழமை காலையில் ஆஷ்லின் தோற்றுப்போனாள். பீரோவிலிருந்து பழைய மவுசை எடுத்துச் செருகினாள். வீங்கிய மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டாள். டிராக்பேடைக் கழற்றிப் பையில் போட்டாள். பதினேழு காரணங்களும் அதோடு பைக்குள் போயின.

முதலில் வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

“மேசையில இருந்த தகடு எங்க தாயி?”

“எடுத்தாச்சு. நீங்க சும்மா வாங்க.”

“தொடாமயா?”

அவள் வரவில்லை. அவள் வராததால் அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் வரவில்லை. தொடாமல் உள்ளே போகிறார்களா என்று பார்த்துப் பெயரை அடிக்கத்தான் தகட்டை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு வேப்பமரத்தடியில் கிளம்பியது. பத்து மணிக்குள் அது உறுதியான செய்தியாகிவிட்டது.

ஆஷ்லினுக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. இவ்வளவு எளிதான யோசனை ஏன் மூன்று நாளாகத் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். டிராக்பேடைப் பழைய இடத்திலேயே வைத்தாள், ஆனால் வயரைச் செருகவில்லை. அவர்கள் தொட்டுக்கொள்ளட்டும், அவள் மவுசில் வேலை பார்ப்பாள். பன்னிரண்டு பேர் தொட்டுவிட்டு வந்தார்கள். பட்டியல் அசையவில்லை. கை வலித்தது, ஆனால் பெயர்கள் அதனதன் இடத்தில் இருந்தன.

பதின்மூன்றாவதாக வந்தவள் பொன்னுத்தங்கம். நாமினியைச் சரிபார்க்க அந்த வாரத்தில் மூன்றாம் முறையாக வந்திருந்தாள். கையை வைக்கப் போனவள் நிறுத்திவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

“தாயி, இந்த வயரு எங்கயும் போகலையே.”

ஆஷ்லின் மவுசை நகர்த்திக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

“தரைக்குப் போகாத தகடைத் தொட்டா என்ன, செவுத்தைத் தொட்டா என்ன?” பொன்னுத்தங்கத்தின் குரலில் கேலி இல்லை. “நீ படிச்ச பிள்ளை. மத்ததுல வெளையாடு தாயி. உசுரு விசயத்துல ஏமாத்தப்பிடாது.”

ஆஷ்லின் எழுந்து, மேசைக்கு அடியில் புகுந்து, வயரைச் செருகினாள். வெளியே வரும்போது மேசை விளிம்பில் தலையை இடித்துக்கொண்டாள். பொன்னுத்தங்கம் கையைப் பதித்து, மூன்றுவரை எண்ணி, நிம்மதியாக எடுத்தாள். திரையில் எல்லாம் ஒரு படி ஏறியது.

கடைசியாக மிஞ்சிய வழி மெதுவானது. அவளுக்குத் தெரிந்ததும் அதுதான். வாசலில் ஆள் தலை தெரிந்ததும் இரண்டு பொத்தான்களை அழுத்திக் கணினியைப் பூட்டுவது. அவர்கள் தொட்டு முடித்ததும் கடவுச்சொல்லைப் போட்டுத் திறப்பது. விவரத்தை ஏற்றி, சரிபார்த்து, மறுபடியும் பூட்டுவது. மவுசை பீரோவில் வைத்துவிட்டாள். வியாழக்கிழமை மாலை வகுப்புக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிடவில்லை. சாயந்தரம் நாலரை மணிக்கு நூற்று இருபத்தைந்து பேரும், நூற்று இருபத்தைந்து நாமினிகளும் சரியான வரிகளில் இருந்தார்கள். பொன்னுத்தங்கத்துக்கு அவளுடைய சொந்தப் புருஷன் கிடைத்திருந்தார். அவள் அதைக் கேட்டு, “வேற நல்லதா ஒன்னும் இல்லயாக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மீதம் ஒருவர். நாகையா.

அவர் வந்தபோது மணி நாலே முக்கால். ஐம்பது வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, அதன் இடக்கைக்கு வெளியே தெரிந்த தோல் சுருங்கி மினுமினுத்தது. ஆஷ்லின் வழக்கம்போலக் கணினியைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தாள். அவர் வாசலில் இருந்த செம்புத் தகட்டைக் கடந்து வந்தார். மேசையருகே வந்து நின்றார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. எதையும் தொடவில்லை.

“உக்காருங்க ஐயா.”

“நிக்கேன் தாயி. எம். புதுப்பட்டில மக வீட்டுலதான் இருக்கேன். அஞ்சேகாலுக்கு ஒரு பஸ்ஸு, அதை விட்டா ரெண்டு பஸ்ஸு மாறணும்.”

ஆஷ்லின் கணினியைத் திறந்து கடைசி வரிக்குப் போனாள். பெயர், நாகையா. நாமினி, வெள்ளைத்தாய்.

அவள் விரல் நின்றுவிட்டது.

“அதை மாத்தணும்னுதான் வரச் சொன்னாக” என்று நாகையாவே சொன்னார். “மக பேரைப் போடு. செல்வலட்சுமி.”

“சரிங்க ஐயா.”

“அவ பேரை அழிச்சிருவியா, இல்ல அது பக்கத்துலயே இதையும் போடுவியா?”

“ஒரு கட்டத்துல ஒரு பேருதான் போட முடியும் ஐயா.”

“அப்படியா” என்றார். “சரி, அழி.” அழிக்கும்போது அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க இஷ்டத்துக்குத் துள்ளிய டிராக்பேட் இப்போது மட்டும் சொன்னபடி கேட்டது. ஒரே தடவை விரலை நகர்த்தினாள், வெள்ளைத்தாய் போய்விட்டாள். செல்வலட்சுமி என்று அடித்தாள்.

“ஆஷ்லின், மணி நாலு அம்பத்தஞ்சு” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“இதோ சார்.”

பட்டியலையும் அறிக்கையையும் இணைத்தாள். ‘அனுப்பு’ என்ற பொத்தானின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். நிமிர்ந்தபோது நாகையா கிளம்பத் தயாராக இருந்தார். கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. தொடாமல் போனதற்காக மனைவியைப் பறிகொடுத்த மனிதர் இன்னும் தொடாமல் நடக்கிறார். கம்பெனி திறந்ததும் இப்படியேதான் ஏதோ ஒரு ஷெட்டுக்குள் போவார். நான்கு நாளாக எல்லாரிடமும் தொடாதீர்கள், தொடாதீர்கள் என்று கெஞ்சியவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் தொட்டுட்டுத்தான் உள்ள வந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் தொடல.”

நாகையா திகைத்துப் பார்த்தார். “தொடணுமா? வகுப்புக்கு வர முடியல தாயி, கை ஆறாம இருந்துச்சு. பேரை அடிச்சிராத.”

“பேரெல்லாம் அடிக்க மாட்டாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இதுல ஒரு தடவை கையை வச்சுப் பாருங்க.” அவள் டிராக்பேடை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

அவர் வலக்கையை முன்னால் கொண்டுவந்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைப் போல, கவனமாக, உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்து அழுத்தினார். அடியில் ‘டக்’ என்று மெல்லிய சத்தம் கேட்டது.

அந்த ஒரு தடவை மட்டும் ஆஷ்லின் கணினியைப் பூட்டியிருக்கவில்லை.

திரை வெளுத்தது. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. பிறகு பச்சை எழுத்துகள் வந்தன: ‘தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது. இனி திருத்தம் செய்ய இயலாது.’

அவள் அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறையும் படித்தாள். மணி நாலு ஐம்பத்தெட்டு.

“போயிருச்சா?” என்று மேனேஜர் கத்தினார்.

“போயிருச்சு சார்.”

வெளியே வேப்பமரத்தடிவரை அது கேட்டிருக்க வேண்டும். யாரோ கை தட்டினார்கள். அவளுடைய வேலை நிலைத்துவிட்டது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, ஆஷ்லின் நாகையாவைப் பார்த்து, “நீங்கதான் ஐயா அனுப்பி வச்சீங்க. உங்க கைராசிதான்” என்றாள். “இதே மாதிரி இனிமே மறக்காமத் தொட்டுட்டுப் போங்க. அன்னைக்கு அவங்களும் மறக்காம இருந்திருந்தாங்கன்னா…”

நாகையா தகட்டிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“மறக்கதுக்கு என்ன தாயி இருக்கு? நானும் அவளும் பதினெட்டு வருசம் வேலை பாத்தோமே, அந்தப் பதினோராம் நம்பர் ஷெட்டுல தகடே கிடையாது.”